ஸ்டார்ச் பிலிம்ல நானோ பவுடர் எவ்வளவு போடலாம்?

கேள்வி: காலேஜ் ப்ராஜெக்டுக்கு ஸ்டார்ச், கிளிசரின் வச்சு மக்குற பேக்கிங் பிலிம் பண்றேன் சார். ஜிங்க் ஆக்சைடு நானோ பவுடர் சேர்த்தா ஸ்ட்ராங்கா வரும்னு படிச்சிட்டு 10 சதவீதம் போட்டேன், வெள்ளை வெள்ளையா புள்ளி விழுந்து இழுத்தா அங்கேயே கிழியுது. ஏன்?

பதில்: 10 ரொம்ப ஓவர்ப்பா! நானோ துகள் சும்மா விட்டாலே ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், நீங்க பார்த்த புள்ளியெல்லாம் அப்படிச் சேர்ந்த கட்டிதான், இழுக்கும்போது விசை பூரா அந்தக் கட்டி ஓரத்துல போய் நிக்கும், கிழிசலும் அங்கதான் ஆரம்பிக்கும். ஸ்டார்ச் எடையில 1லேர்ந்து 5 சதவீதத்துக்குள்ள வச்சுப் பாருங்க. அந்த அளவுல துகள் நல்லா பரவிச்சுன்னா அதோட மேற்பரப்பும் ஸ்டார்ச்சோட ஹைட்ராக்சில் குரூப்பும் (அதுல இருக்கற ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி) ஹைட்ரஜன் பிணைப்புல பிடிச்சுக்கும், பலம் கூடும், ஆனா இழுத்தா நீளுறது கொஞ்சம் குறையும், அதுக்குத் தயாரா இருங்க. இன்னொண்ணு, சூடான கஞ்சியில பவுடரை நேரா கொட்டாதீங்க. முதல்ல தண்ணியில போட்டு அல்ட்ராசோனிக் ப்ரோப்ல (ஒலி அதிர்வால கட்டியை உடைக்கிற கருவி) நல்லா கலைச்சுட்டு அப்புறமா ஸ்டார்ச், கிளிசரின் சேர்த்து சூடு பண்ணுங்க. பாதிப் பிரச்சனை இதுலயே தீரும்னு நினைக்கிறேன்.

கேள்வி: இது போட்டா தண்ணியில கரையாம நிக்குமா?

பதில்: நிக்காது. ஸ்டார்ச்சுக்கு தண்ணின்னா உயிர், கிளிசரின் வேற ஈரத்தை இழுக்கும். துகள் குறுக்க நிக்கறதால நீராவி சுத்திச் சுத்திப் போகணும், அதனால ஊடுருவல் குறையும், அவ்வளவுதான். வாட்டர்ப்ரூஃப்னு ரிப்போர்ட்ல எழுதிடாதீங்க, வைவாவுல மாட்டிப்பீங்க.

கேள்வி: டைட்டானியம் டை ஆக்சைடு பெட்டரா?

பதில்: எதுக்குன்னு கேட்டுக்கணும். ரெண்டுமே புற ஊதா ஒளியைத் தடுக்கும், எண்ணெய்ப் பண்டம் சிக்கு வாடை அடிக்கிறதைத் தள்ளிப்போட அது நல்லது. ஆனா கிருமியைக் கொல்ல டைட்டானியத்துக்கு புற ஊதா வெளிச்சம் வேணும், இருட்டுப் பெட்டிக்குள்ள பெருசா ஒண்ணும் பண்ணாது, வெளிச்சம் பட்டாலோ கூடவே ஸ்டார்ச்சையும் அரிக்க ஆரம்பிச்சிடும். உணவுல சேர்க்கிற பொருளா (ஈ171) அதை ஐரோப்பிய யூனியன் 2022ல தடை பண்ணிடுச்சு. அது பேக்கிங்குக்கான தடை இல்லதான், இருந்தாலும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஜிங்க் ஆக்சைடு இருட்டுலயும் கொஞ்சம் ஜிங்க் அயனி விட்டு வேலை செய்யும், என் ஓட்டு அதுக்குத்தான். ஆனா புளிப்பான சாப்பாடு பட்டா அது கரைஞ்சு உள்ள இறங்கும். பிளாஸ்டிக் பேக்கிங்லேர்ந்து ஒரு கிலோ உணவுக்கு 5 மில்லிகிராம் ஜிங்க்தான் போகலாம்னு ஐரோப்பிய யூனியன்ல லிமிட்டே இருக்கு. அதனால காய்ஞ்ச பண்டத்துக்குன்னு வச்சுக்கிட்டா உங்களுக்கு தலைவலி கம்மி.

கேள்வி: அப்ப மக்குமா, மக்காதா?

பதில்: ஸ்டார்ச் மக்கும், ஜிங்க் மண்ணுலயே தங்கும். கிருமியைத் தடுக்கற சரக்கு மக்க வைக்கிற கிருமியையும் மெதுவாக்கலாம். பவுடர் போட்டது ஒண்ணு, போடாதது ஒண்ணுன்னு ரெண்டையும் ஒரே மண்ணுல புதைச்சு எடை எடுத்துப் பாருங்க.