கேள்வி பதில்: விதியைப் பிடிப்பதும் தளர்த்துவதும்

கேள்வி: எங்கள் பலகை ஆட்டக் குழுவில் ஒருவர் விதிப்புத்தகமும் கையுமாக உட்கார்ந்து ஒவ்வொரு நகர்வையும் நிறுத்துகிறார். ஆட்டமே நகர்வதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அவரைக் குறை சொல்லாதீர்கள், ஆட்டத்தின் மீது அவருக்கு அக்கறை இருக்கிறது. அவர் கேட்கும் நேரம்தான் சிக்கல். ஐயம் எழுந்தால் யார் முடிவு சொல்வது என்பதை முதலிலேயே பேசி வைத்துக்கொண்டு, புத்தகத்தில் ஒரு நிமிடத்துக்குள் விடை கிடைக்காவிட்டால் முடிவு சொல்பவர் சொன்னபடி ஆடிவிடுங்கள். ஆட்டம் முடிந்தபின் சரியான விடையைத் தேடும் பொறுப்பை அந்த நண்பரிடமே ஒப்படைக்கலாம். தவறு தெரிந்தால் அடுத்த ஆட்டத்தில் திருத்துங்கள். நடு ஆட்டத்தில் விதியை மாற்றவே கூடாது. எப்படி மாற்றினாலும் யாரோ ஒருவருக்கு அது சாதகமாகிவிடும்.

கேள்வி: சொத்து வாங்கி வாடகை வசூலிக்கும் மோனோபோலியில் வரிப்பணத்தை நடுவில் சேர்த்து, 'ஃப்ரீ பார்க்கிங்' கட்டத்தில் நிற்பவருக்குக் கொடுக்கிறோம். இது சரியா?

பதில்: விதிப்புத்தகத்தில் அது இல்லை. அந்தக் கட்டத்தில் நிற்பவருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. வரியும் அபராதமும் வங்கிக்கே போகும்.

கேள்வி: புத்தகத்தில் இல்லாவிட்டால் என்ன? அந்தப் பணம் கிடைத்தால் சிறுவர்கள் துள்ளிக் குதிக்கிறார்கள். மகிழ்ச்சிக்காகத்தானே ஆடுகிறோம்?

பதில்: மகிழ்ச்சிக்காகத்தான். ஆனால் அதே சிறுவர்கள் மூன்றாவது மணி நேரத்தில் எப்படி இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஆடுபவர்களின் கையிருப்பு கரைந்து ஒவ்வொருவராக வெளியேறினால்தான் மோனோபோலி முடியும். வங்கிக்குப் போக வேண்டிய பணத்தை மீண்டும் ஆட்டத்துக்குள் விட்டால், திவாலாக வேண்டியவர் பிழைத்துக்கொண்டே இருப்பார், ஆட்டமும் இழுத்துக்கொண்டே போகும். இது போதாதென்று, ஒருவர் வாங்க மறுத்த சொத்தை உடனே ஏலத்துக்கு விட வேண்டும் என்ற விதியைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. பெட்டியில் உள்ள 32 வீடுகளும் தீர்ந்துவிட்டால் காத்திருக்க வேண்டும் என்பதும் விதிதான். தீர்ந்தவுடன் நாணயத்தை வீடாக வைத்து ஆடினால், வீடுகளை விடுதியாக மாற்றாமல் பிடித்து வைத்து மற்றவர்கள் வீடு கட்டுவதைத் தடுக்கும் உத்தி பயனற்றுப் போகிறது. ஒரு விதியைத் தளர்த்துமுன் அது எதற்காக அங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

கேள்வி: ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆட்டம் நீள்வது உண்மைதான். ஆனால் நடுவில் பணம் வைப்பதால் யாரும் சீக்கிரம் தோற்றுச் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை.

பதில்: நீங்கள் சொல்லும் காரணம் வலுவானது, முன்பே தோற்றவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பது அந்த ஆட்டத்தின் உண்மையான குறை. ஆயினும் அதற்கு நேரடியான வழி உண்டு: முடியும் நேரத்தை முன்கூட்டியே குறித்துவிட்டு, அந்த நேரத்தில் ரொக்கமும் சொத்தும் சேர்ந்து யாரிடம் அதிகமோ அவரே வென்றவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலத்தோடு ஒரு முறை அப்படி ஆடிப் பார்த்துவிட்டு வாருங்கள், தொடர்ந்து பேசலாம்.

கேள்வி: ஊனோ சீட்டாட்டத்தில், அடுத்தவரை இரண்டு சீட்டு எடுக்க வைக்கும் +2 சீட்டின் மேல் இன்னொரு +2 போடலாமா?

பதில்: அடிப்படை ஊனோ விதிப்படி கூடாது. உங்கள் குழு விரும்பினால், சீட்டுப் பிரிக்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

கேள்வி: +4 மேல் +4?

பதில்: மேலே உள்ள பதிலேதான்.

கேள்வி: குடியிருப்புகள் கட்டி ஆடும் கட்டானில் பகடையில் 7 விழுந்தால், நிலத்தின் விளைச்சலைத் தடுக்கும் கொள்ளையன் காயைப் பின்தங்கியவரின் நிலத்திலேயே வைக்கிறார்கள். புதியவர்கள் சோர்ந்துபோகிறார்கள்.

பதில்: 2 வெற்றிப் புள்ளிகளே உள்ளவரின் நிலத்தில் கொள்ளையனை வைக்கக் கூடாது என்று பல குழுக்கள் ஆடுகின்றன. இது நல்ல தளர்வு. எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்துகிறது, ஆட்டத்தின் வேகத்தையும் கெடுப்பதில்லை. ஆனால் ஒருவர் முகம் வாடியபின் இதைக் கொண்டுவராதீர்கள். முதல் பகடைக்கு முன்பே அறிவியுங்கள்.

கேள்வி: பரிசளிக்க நல்ல ஆட்டம் எது?

பதில்: அது வேறு பொருள்; பரிந்துரைக்கான பகுதியில் கேளுங்கள்.

கேள்வி: கதாபாத்திரமாக நடித்து ஆடும் டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இருபது முகப் பகடையில் 20 விழுந்தால் எதைச் செய்தாலும் வெற்றிதானே? ஆட்டத்தை நடத்தும் எங்கள் டஞ்ஜன் மாஸ்டர் மறுக்கிறார்.

பதில்: 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி அவர் சொல்வதே சரி. 20 விழுந்தால் தாக்குதல் தவறாமல் படும், சேதப் பகடைகளும் இரட்டிப்பாகும். பூட்டைத் திறப்பது, மன்னரிடம் பேசி அரியணையைக் கேட்பது போன்ற திறன் சோதனைகளுக்கு அந்த உறுதி கிடையாது. எல்லாவற்றுக்கும் வெற்றி என்று ஆட உங்கள் குழு விரும்பினால், கதை தொடங்கும் முன் கூடும் முதல் சந்திப்பில் அவரிடம் கேளுங்கள், பகடை மேசையில் உருண்டபின் வாதாடாதீர்கள்.