டபுள் ஆர்டர் வருது, சனிக்கிழமை சம்பளத்துக்குக் காசு இல்ல

கேள்வி: அக்கா, திருப்பூர்ல ஒரு கம்பெனில லைன் சூப்பர்வைசரா மாசம் 18,000 சம்பளத்துல இருந்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி வேலைய விட்டுட்டு 8 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் யூனிட், அதாவது கூலிக்குத் தெச்சுக் குடுக்கற யூனிட், ஆரம்பிச்சேன். ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத்தான் தைக்கிறோம். வாரம் 3,000 பீஸ், பீஸுக்கு 14 ரூபா, செலவு 12 போக 2 ரூபா நிக்குது. ஜிஎஸ்டி எடுத்திருக்கேன். ஆனா பில் காசு வர 90 நாள் ஆகுது, நகைய 4 லட்சத்துக்கு அடகு வெச்சாச்சு. இப்ப அதே கம்பெனி டபுள் ஆர்டர் தரேங்கறாங்க, இன்னும் 8 மெஷின் போடலாமா? வீட்டுக்காரர் மூடிட்டு மறுபடி வேலைக்குப் போகச் சொல்றார்.

பதில்: தங்கச்சி, உங்க லெட்டர படிச்சதும் எனக்கு அந்த சனிக்கிழமை சாயங்காலம்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. டெய்லருங்க மெஷின ஆஃப் பண்ணிட்டு பீஸ் கணக்கு எழுதின நோட்ட கையில வெச்சுட்டு நிப்பாங்க, டெய்லருக்கு உதவியா கைமடிக்கு வர்ற அம்மா சந்தைக்குப் போகணும்னு வாசல பாத்துட்டே நிக்கும், நாம உள்ள நின்னு கம்பெனி அக்கவுண்ட்ஸ்க்கு நாலாவது தடவையா போன் அடிச்சுட்டிருப்போம், "எம்டி இன்னும் கையெழுத்து போடலைங்க, திங்கக்கிழமை பாக்கலாம்"பாங்க. நானும் பதினோரு வருஷம் பவர்டேபிள், அதாவது உங்கள மாதிரி தையல் யூனிட், நடத்தினவ, அந்த வயித்தெரிச்சல் எனக்கு நல்லாத் தெரியும்.

ஆனா பீஸுக்கு 2 ரூபா லாபம்னு நீங்க போட்ட கணக்கு முழுசு இல்ல. வாரம் 3,000 பீஸுக்கு உங்க கையிலிருந்து போறது 36,000. 90 நாள்னா கிட்டத்தட்ட 13 வாரம், அப்ப 4,68,000 ரூபா எப்பவும் அவங்ககிட்ட நிக்குது. உங்க நகை அடகுக் கடையில இருக்குன்னு நினைக்கிறீங்க, உண்மையில அந்த கம்பெனிக்கு நீங்க வட்டியில்லாம கடன் குடுத்திருக்கீங்க, வட்டிய மட்டும் நீங்க கட்டறீங்க. மாசம் 26,000 லாபம் வருதுன்னே வெச்சுக்குவோம், அடகு வட்டி நூத்துக்கு ஒரு ரூபான்னா 4,000 போச்சு, நீங்க பழைய வேலையில வாங்கின 18,000த்தையும் கழிங்க, ஏன்னா சூப்பர்வைசர் வேலையும் செக்கிங்கும் நீங்கதான பாக்கறீங்க, மீதி 4,000. ஒரு ஓவர்லாக் மெஷின் ரிப்பேர் ஆனா அதுவும் போச்சு. இதுல ஜிஎஸ்டி வேற. தையல் ஜாப் ஒர்க்குக்கு 5 சதவீதம், பில் போட்ட அடுத்த மாசமே கட்டணும், பார்ட்டி காசு குடுத்தாங்களான்னு கவர்மென்ட் கேக்காது.

அதனால டபுள் ஆர்டர் இப்ப வேண்டாம். மெஷின் விலைய விடுங்க, இதே மாதிரி 90 நாள் கடன்ல எடுத்தா இன்னொரு 4,68,000 நீங்க வெளிய தேடணும். அடகு வைக்க இனி என்ன இருக்கு? வேலை கூடக்கூட கடனும் கூடும், இத புரியாமதான் நல்லா ஓடற யூனிட்ட எல்லாம் நம்ம ஊர்ல மூடறாங்க.

மூடவும் வேண்டாம். வாரம் 3,000 பீஸ் ரிஜெக்ட் இல்லாம குடுக்கத் தெரிஞ்ச ஆளுக்கு வேற பார்ட்டி கிடைக்கும். ஒரே பார்ட்டிய நம்பி நானும் இருந்தேன். நொய்யல் ஆத்துல சாயத்தண்ணி விட்ட கேஸ்ல 2011 ஜனவரி கடைசில ஐகோர்ட் உத்தரவு போட்டு சாயப்பட்டறைங்கள மூடினப்போ எங்களுக்கு தைக்க வெட்டின துணி வரல, அது அந்த கம்பெனி தப்பு இல்ல, ஆனா ஏற்கனவே தெச்சுக் குடுத்த ரெண்டு மாச பில்லையும் சேத்து நிறுத்திட்டாங்க. பதினாலு பேருக்கு சம்பளம் குடுக்க என் தம்பியோட பைக்க வித்தோம். போன வருஷம்கூட பாத்தீங்கள்ல, 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டதும் எத்தனை எக்ஸ்போர்ட் ஆர்டர் நின்னுச்சு. அதனால 8 மெஷின்ல ரெண்டையாவது உள்ளூர் பார்ட்டிக்கு ஒதுக்குங்க, பீஸுக்கு ஒரு ரூபா கம்மியா வந்தாலும் வாராவாரம் காசு குடுக்கறவங்களா பாருங்க, சனிக்கிழமை சம்பளத்துல ஒரு பங்கு அதுல வந்துட்டா உங்களுக்கு தூக்கம் வரும்.

இப்ப இருக்கற கம்பெனிகிட்ட திங்கக்கிழமை நேர்ல போய்ப் பேசுங்க, அழுது கேக்காதீங்க, கணக்கோட போங்க. அதுக்கு முன்னாடி உத்யம்ல, அதாவது சின்ன தொழிலுக்கான கவர்மென்ட் பதிவுல, பதிவு பண்ணிடுங்க, ஆதாரும் பான் கார்டும் இருந்தா ஆன்லைன்லயே முடியும், ஒரு பைசா கட்டணம் கிடையாது, அதே மாதிரி வெப்சைட் வெச்சு 2,000, 3,000 வாங்கறவங்க இருக்காங்க, ஏமாந்துடாதீங்க. 2006 எம்எஸ்எம்இ, அதாவது சிறு குறு தொழில், சட்டப்படி உங்க மாதிரி சின்ன யூனிட்டுக்கு எழுதின ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள்ல, இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளைக்குள்ள காசு குடுத்தாகணும், தாண்டினா ரிசர்வ் பேங்க் ரேட்ட விட மூணு மடங்கு கூட்டு வட்டி. வட்டி மிரட்டல விட இன்னொன்னு அவங்களுக்கு உறைக்கும், 2024 ஏப்ரல்ல இருந்து கெடு தாண்டி வருஷக் கடைசில பாக்கி வெச்ச பில்ல அந்த வருஷச் செலவுல காட்டி இன்கம்டேக்ஸ் குறைக்க முடியாது, குடுக்கற வருஷத்துலதான் காட்டலாம். அவங்க ஆடிட்டருக்கு இது தெரியும், உங்க பில்லுல உத்யம் நம்பர் பெருசா அடிச்சிருந்தா மார்ச் மாசம் அவரே எடுத்துக் குடுப்பார். பழைய பில்லுக்கு இது உதவறது சிரமம், அதனால தள்ளிப் போடாதீங்க.

பீஸ் இறக்கும்போது டெலிவரி செலான்ல தேதியோட சீல் வாங்காம வண்டிய விடாதீங்க. சரக்கு போய் 15 நாளைக்குள்ள எழுத்துல குறை சொல்லலைன்னா அவங்க ஏத்துக்கிட்டதா அர்த்தம், மூணு மாசம் கழிச்சு குறை சொல்லி டெபிட் நோட் போட்டு பில்லுல காச பிடிக்கறத அந்த சீல் இருந்தாத்தான் தடுக்க முடியும். பாக்கி காசுக்கு கவர்மென்ட் போர்ட்டல்ல புகார் குடுக்கலாம், ஆனா குடுத்தா அந்த பார்ட்டி போயிடும், ரெண்டாவது பார்ட்டி கையில வந்தப்புறம் அத யோசிங்க. இப்போதைக்கு கேக்க வேண்டியது இதுதான்: பழைய ஆர்டருக்கு 45 நாள், டபுள் ஆர்டர் வேணும்னா நூல் அவங்க குடுக்கணும், வாராவாரம் சம்பளப் பணம் மட்டும் அட்வான்ஸா வரணும். ஒத்துக்கிட்டா நாலு மெஷின் வாடகைக்கு எடுத்துப் பாருங்க, புதுசு வாங்காதீங்க.

வீட்டுக்காரர் மேல கோவப்படாதீங்க தங்கச்சி. அவருக்கு தெரியறது நகை போனது மட்டும்தான், அந்த 4,68,000 எங்க நிக்குதுன்னு நீங்க சொல்லவே இல்லையே. ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டுங்க. உங்களுக்கும் மாசம் ஒரு சம்பளம் போட்டு அத வீட்டு அக்கவுண்ட்ல தனியா போடுங்க, 10,000 ஆனாலும் சரி, யூனிட் காசு யூனிட்ல இருக்கட்டும். திங்கக்கிழமை அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க, நகைய எப்ப மீட்கறதுன்னு அத வெச்சுப் பேசலாம்.