ராட்டினத்துக்காகவா?

அன்புள்ள ஐயா,

சென்ற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளென் எக்கோ பூங்காவுக்குப் போயிருந்தோம். வாஷிங்டனுக்குப் பக்கத்தில், பொட்டோமாக் ஆற்றங்கரையில் புதுப்பித்து வைத்திருக்கும் பழைய கேளிக்கைப் பூங்கா. பிள்ளைகள் குடை ராட்டினத்தில் நான்கு முறை சுற்றினார்கள். சின்னவளுக்கு முயல்தான் வேண்டும் என்று அடம். பெரியவனுக்கு ஒன்பது வயது. இறங்கி வந்து தகவல் பலகையைப் படித்துவிட்டு, "இதில் கறுப்பினப் பிள்ளைகளை ஏறவிடவில்லையாம் அம்மா, அப்போது நாம் வந்திருந்தால்?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. "எத்தனையோ பெரிய விஷயங்கள் இருக்க, போயும் போயும் ஒரு ராட்டினத்துக்காகவா கைதானார்கள்?" என்றார் என் கணவர். திரும்பும்போது காரில் யாரும் பேசவில்லை. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இதையெல்லாம் எழுதி வைக்கத்தான் வேண்டுமா?

ஒரு வாசகி, ராக்வில்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணவரிடமிருந்தே தொடங்குகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். ஆமாம், ராட்டினத்துக்காகத்தான்.

1960 ஜூன் 30 அன்று கறுப்பின மாணவர்கள் சிலர், உங்கள் மகள் ஏறிய அதே ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். கையில் டிக்கெட் இருந்தது, மற்றவர்கள் வாங்கிக் கொடுத்தது. ஐந்து நிமிடத்தில் வெளியேறச் சொன்னார் காவலர். அவர்கள் இறங்கவில்லை. அத்துமீறி நுழைந்ததாக ஐந்து பேர் கைதானார்கள். அந்தக் காவலர் பூங்காவுக்காக வேலை பார்த்தவர், ஆனால் சட்டையில் குத்தியிருந்ததோ அரசுக் காவல் அதிகாரிக்குரிய துணை ஷெரீஃப் வில்லை. தனியார் பூங்காவின் பாகுபாட்டுக்கு அரசின் அதிகாரம் கைகொடுத்திருக்கிறது என்று சொல்லித்தான் 1964-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

அன்று இன்னொரு மாணவரிடம், லாரன்ஸ் ஹென்றியிடம், 'உங்கள் இனம் என்ன?' என்று அந்தக் காவலர் கேட்டார். 'மனித இனம்' என்றார் ஹென்றி. அது ஒலிப்பதிவாகவே இருக்கிறது. உங்கள் மகனுக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள்.

கோடை முழுக்க வாசலில் மறியல் நடந்தது. பக்கத்துக் குடியிருப்பான பானக்பர்னிலிருந்து வெள்ளையர்களும் வந்து பதாகை பிடித்தார்கள். எதிர்ப்பக்கம் அமெரிக்க நாஜிக் கட்சிக்காரர்கள். மறு வருடம் பூங்கா எல்லோருக்கும் திறந்தது.

இது சின்ன விஷயமா? 1963-இல் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், கும்பல் கொலைகளையும் போலீஸ் வன்முறையையும் சொல்லிக்கொண்டே வருபவர், தன் ஆறு வயது மகளிடம் வந்து நிற்கிறார். டிவியில் ஃபன்டவுன் என்ற பூங்காவின் விளம்பரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்கிறாள் குழந்தை. அங்கே கறுப்பினக் குழந்தைகளுக்கு இடமில்லை என்று சொல்ல அப்பாவுக்கு நாக்கு எழவில்லை. கொலைகளுக்குப் பக்கத்தில் அவர் அதை வைத்தது தெரிந்துதான்.

எழுதி வைக்க வேண்டுமா என்கிறீர்கள். சில வருடங்களுக்கு முன் பேத்தியோடு நானும் அங்கே போயிருந்தேன். ராட்டினத்தோடு தானாக இசைக்கும் பழைய வுர்லிட்சர் ஆர்கன் போட்ட சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவளை நெருப்புக்கோழியில் ஏற்றிவிட்டு, பக்கத்துக் குதிரையின் கழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடரி மயிரின் ஒவ்வொரு சுருளும் மரத்தில் செதுக்கியது. பிலடெல்பியாவின் டென்ட்ஸல் பட்டறை செய்து 1921-இல் இங்கே வந்தது. குதிரை, முயல், சிங்கம், புலி, ஒட்டகச்சிவிங்கி என்று மொத்தம் 52 உருவங்கள். 1968-இல் பூங்கா மூடி, ராட்டினம் விலைபோனபோது ஊர்க்காரர்கள் பணம் திரட்டி மீட்டார்கள். பிறகு ரோசா பேட்டன் என்ற பெண்மணி 1983 முதல் 2003 வரை அதைச் சீர்செய்தார். மேலே மேலே அடித்திருந்த பெயின்டைப் பொறுமையாகச் சுரண்டி, அடியில் இருந்த நிறத்தைத் தேடினார். முயலின் நிறத்துக்கு இருபது வருடம் செலவழித்துவிட்டு, அதன்மேல் யார் உட்காரக் கூடாது என்றிருந்தார்கள் என்பதை மட்டும் மறைத்தால், அது வெறும் பெயின்ட் வேலை.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். முதலில் ராட்டினம், பிறகு பலகை. நீங்களும் அப்படித்தான் செய்திருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் ஊர்த் தேர்த் திருவிழா நினைவுக்கு வந்தது. ராட்டினக்காரர் யாரிடமும் சாதி கேட்டதில்லை, காலணா கொடுத்தால் ஏற்றிவிடுவார். ஆனால் ராட்டினம் நின்றது தேரோடும் வீதியில். கீழத்தெருப் பிள்ளைகள் அந்த வீதிக்குள் வருவதில்லை. வாய்க்கால் பாலத்தில் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பார்கள். உச்சிக்குப் போகும்போதெல்லாம் நான் அவர்களுக்குக் கையசைத்திருக்கிறேன்.