விடுதலையான தம்பிக்கு அரசு இழப்பீடு தருமா?

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கிறோம். டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த என் தம்பியை ஒரு வழிப்பறி வழக்கில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜாமீன் கிடைக்காமல் இரண்டு வருடம் நான்கு மாதம் பரப்பன அக்ரஹாரா சிறையில் இருந்தான். எட்டு மாதம் முன்பு கோர்ட் விடுதலை செய்துவிட்டது. இப்படி உள்ளே இருந்தவர்களுக்கு அரசு பணம் தருகிறது, 25,000 ரூபாய் கொடுத்தால் ஃபாரம் போட்டு வாங்கித் தருகிறேன் என்கிறார் கோர்ட் பக்கம் பழக்கமான ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அப்படி ஒரு ஃபாரமே கிடையாது.

தவறாகச் சிறையில் இருந்தவருக்கு இத்தனை வருடத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்குப் போட்டுத் தரும் சட்டம் நம் நாட்டில் இல்லை. டெல்லி உயர் நீதிமன்றம் 2017ல் கேட்டுக்கொண்டதால் சட்ட ஆணையம் இதை ஆராய்ந்து, 2018ல் தன் 277வது அறிக்கையில் சட்டம் வேண்டும், தனி நீதிமன்றங்கள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. அறிக்கை அப்படியே கிடக்கிறது. 2025 ஜூலையில் தேனி மாவட்டத்து வழக்கு ஒன்றில் தூக்குத் தண்டனைக் கைதியை விடுவித்தபோது உச்ச நீதிமன்றமும் நாடாளுமன்றம் இதை யோசிக்கட்டும் என்றது. சட்டப் புத்தகத்தில் ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது: காரணமில்லாமல் ஒருவரைக் கைது செய்ய வைத்த ஆளிடமிருந்து மாஜிஸ்திரேட் 1,000 ரூபாய் வரை வாங்கித் தரலாம். தம்பியைப் பார்க்க நீங்கள் சிறைக்குப் போய்வந்த ஆட்டோ காசுக்குக்கூட அது காணாது.

அதற்காக யாருக்கும் பணமே கிடைத்ததில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1968லேயே விடுதலையான பிகார்க்காரர் ஒருவரை 1982 வரை சிறையில் வைத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 1983ல் அவருக்கு மொத்தம் 35,000 ரூபாய் தரச் சொன்னது. இந்த விஷயத்தில் கதவைத் திறந்த தீர்ப்பு அதுதான். நாகர்கோவிலில் பிறந்த இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018ல் 50 லட்சம் கிடைத்தது, கைதானது 1994ல். நம் கர்நாடகத்திலேயே, வாரண்டில் இருந்த அப்பா பெயரும் இவருடைய அப்பா பெயரும் ஒன்றாக இருந்ததால் பிடித்துப் போகப்பட்ட ஒருவருக்கு 2022ல் உயர் நீதிமன்றம் 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. மனைவியைக் கொன்றதாக உள்ளே போனவரின் வழக்கில், அந்த மனைவியே உயிரோடு வந்து நின்ற பிறகு, 2025ல் மைசூரு நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது 1 லட்சம். தொகைக்கு ஒரு சூத்திரமும் இல்லை என்பது இதிலேயே தெரிகிறதல்லவா?

ஆனால் இந்த வழக்குகள் எல்லாவற்றிலும் அதிகாரிகளின் தப்பு கண்ணுக்குத் தெரிந்தது. விடுதலை ஆனது மட்டும் போதாது. அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் 2014ல் உச்ச நீதிமன்றமே விடுவித்தவர்கள் இழப்பீடு கேட்டபோது, 2016ல் அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. விடுதலையான ஒவ்வொருவருக்கும் பணம் என்று ஆரம்பித்தால் அது தவறான முன்னுதாரணமாகிவிடும் என்பது காரணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனால் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டப்போவது அந்த உத்தரவைத்தான்.

ஆகவே உங்களுக்கு முதல் வேலை தீர்ப்பைப் படிப்பது. சிரிக்காதீர்கள், என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் படித்ததே இல்லை. கன்னடத்தில் இருக்கும், வீட்டில் பேசுவோம், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. சான்றிட்ட நகல் வாங்கி, கன்னடம் படித்த பிள்ளை யாரையாவது உட்காரவைத்து வரிவரியாகச் சொல்லச் சொல்லுங்கள். சாட்சிகள் பிறழ்ந்துவிட்டார்கள், சந்தேகத்தின் பலனைத் தருகிறோம் என்று முடிந்திருந்தால் இழப்பீடு கிடைப்பது கஷ்டம், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடையாள அணிவகுப்பே நடத்தவில்லை, கைப்பற்றியதாகச் சொன்ன பொருள் ஜோடனை, சம்பவ நேரத்தில் தம்பி வேறு ஊரில் சவாரியில் இருந்ததை போலீஸ் தெரிந்தும் மறைத்தது என்பதுபோல நீதிபதியே எழுதியிருந்தால் உங்கள் கையில் பலமான ஆயுதம் இருக்கிறது. விசாரணை அதிகாரி மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது.

அப்படி இருந்தால் அரசியல் சட்டத்தின் 226வது பிரிவின் கீழ் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். இதற்கு நாள் கெடு இல்லை, ஆனால் ஏன் தாமதம் என்று கேட்பார்கள். உண்மை எது என்று சாட்சி வைத்து விசாரிக்க வேண்டிய வழக்காகத் தெரிந்தால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள்.

நான் பயப்படுவது அங்கேதான். கெட்ட எண்ணத்தோடு பொய் வழக்கு நடத்தியதற்கு நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கை விடுதலையான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். அரசை எதிர்த்துப் போடுவதற்கு முன் இரண்டு மாத நோட்டீஸும் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மாதத்தைக் கெடுவில் சேர்க்க மாட்டார்கள் என்றாலும் அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம். உங்களுக்கு எட்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரு வருடக் கெடுதான், அதுவும் சம்பவம் நடந்த நாளிலிருந்து. உங்கள் விஷயத்தில் தாண்டிவிட்டது என்று சொல்ல வாய்ப்பு அதிகம். தவிர, ஆணையம் பரிந்துரைதான் செய்யும்.

தீர்ப்போடு, தம்பி எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை உள்ளே இருந்தார் என்ற சான்றிதழைச் சிறையில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். டாக்சி ஓட்டிய காலத்து பேங்க் ஸ்டேட்மெண்ட், கடன் கட்ட முடியாமல் வண்டி போயிருந்தால் அதற்கான காகிதம், வக்கீலுக்குக் கொடுத்த ரசீது எல்லாம் சேரட்டும். தொகை கேட்கும்போது இவைதான் பேசும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், இலவச சட்ட உதவி எண் அது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் போன்ற சில பிரிவினருக்கு வருமானம் பார்க்காமலே உதவி உண்டு, மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. கோர்ட் கட்டணமும் அதில் அடங்கும். பெங்களூரில் நேரில் போவதானால் சித்தையா ரோட்டில் உள்ள நியாய தேகுலா கட்டடத்துக்குப் போங்கள்.

அப்புறம், அந்த 25,000 ரூபாய்க்காரரிடம் தம்பி ஏற்கெனவே வக்காலத்திலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாரா என்று இன்றைக்கே கேளுங்கள். கொடுத்திருந்தால், சட்ட உதவி வக்கீலிடம் உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.