பரிவின் பின்னே ஒளிந்திருப்பது: ‘தி லேண்ட்லேடி’ சிறுகதை குறித்துக் கேள்வி பதில்

ரோல்ட் டால் எழுதி 1959இல் வெளிவந்த இச்சிறுகதையில், 17 வயதுப் பில்லி வீவர் லண்டனிலிருந்து பாத் நகருக்கு வேலைக்காக வருகிறான். அவனுக்குத் தங்க இடம் தரும் நடுவயதுப் பெண்மணிதான் தலைப்பில் வரும் ‘லேண்ட்லேடி’ (விடுதி நடத்துபவர்); அவர் தம் விருந்தினர்களைக் கொன்று, உடல்களைப் பாடம் செய்து (அழியாமல் பதப்படுத்தி) வைத்திருப்பவர் என்று கதை உணர்த்துகிறது. அவரைப் பற்றிப் பாத்திர ஆய்வு எழுதுவோரின் கேள்விகளே இவை அனைத்தும்.

கேள்வி: ‘அவர் நல்லவர்போல் நடிக்கிறார்’ என்று எழுதினால் போதாதா?

பதில்: போதாது. அது கதை முடிந்தபின் நமக்குத் தெரியவரும் செய்தியே தவிர, பாத்திர ஆய்வு ஆகாது. ஒரே செயல் முதல் வாசிப்பில் பரிவாகவும் மறுவாசிப்பில் பொறியாகவும் தோன்றும் இடங்களை எடுத்துக்காட்ட வேண்டும். அவர் கேட்கும் வாடகை ஐந்து ஷில்லிங் ஆறு பென்ஸ். பில்லி கொடுக்க எண்ணியிருந்ததில் அது பாதிக்கும் குறைவு. காலை உணவில் முட்டை வேண்டாமென்றால் இன்னும் குறைக்கலாம் என்கிறார். பணத்துக்காக விடுதி நடத்துபவர் இப்படிப் பேசமாட்டார் என்பதால், அவருக்கு வேண்டியது வேறேதோ என்ற ஐயம் அந்தத் தாராளத்திலேயே எழுகிறது. அழைப்பு மணியிலிருந்து பில்லி விரலை எடுக்கும் முன்பே கதவு திறந்துவிடுவதையும் இதனுடன் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: பெயர்களை மறப்பது வயதின் மறதிதானே?

பதில்: வெறும் மறதி என்றுதான் அவரும் சொல்கிறார். ஆனால் எதை மறக்கிறார், எதை மறக்கவில்லை என்று பிரித்துப் பார்த்தால் பாத்திரம் துலங்கும். வீவர் என்ற பெயர் அவர் வாயில் பெர்கின்ஸ் என்றும் வில்கின்ஸ் என்றும் மாறுகிறது. டெம்பிள் என்ற முன்னாள் விருந்தினரின் தோல் மாசுமறுவற்று இருந்ததோ நன்றாக நினைவிருக்கிறது. பில்லியையும் தலை முதல் கால் வரை நிதானமாக அளந்து பார்க்கிறார். ஆளைப் பற்றிய அக்கறையின்றி உடலைப் பற்றிய அக்கறை மட்டும் கொண்ட இந்தப் பரிவே கதையின் உயிர்நாடி என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அவர் பில்லிக்குத் தரும் தேநீரில் நஞ்சு இருந்தது என்று எழுதலாமா?

பதில்: ‘கதை உணர்த்துகிறது’ என்று எழுதுங்கள். தேநீரின் கசப்பு வாதுமைச் சுவை சயனைடு என்ற நஞ்சைக் குறிப்பால் காட்டுகிறது; ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்லவில்லை.

கேள்வி: வேடம் கலையும் இடம் எது?

பதில்: அப்படி ஓர் இடமே இல்லை. கடைசி வரி வரை அவர் இனிமையாகவே பேசுகிறார்; அதில்தான் இக்கதையின் தேர்ச்சி இருக்கிறது. விருந்தினர் ஏட்டில் பில்லிக்கு முன் பெயர் எழுதிய டெம்பிள், மல்ஹாலண்ட் இருவரும் இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று சொல்லும் அவரே, அவர்களைப் பற்றிப் பேசும்போது இறந்தகால வினைகளைப் பயன்படுத்துகிறார். மேற்கோளாக எடுக்க இதைவிடச் சிறந்த இடம் கிடையாது.

கேள்வி: அப்படியானால் அவரிடம் உண்மையான அன்பே இல்லையா?

பதில்: இருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். இறந்த கிளியையும் நாயையும் தம் கையாலேயே பாடம் செய்து வைத்திருப்பவர், பிடித்தவற்றைப் போகவிடத் தெரியாதவர். அவரைப் பற்றிய நல்லெண்ணத்தில் பாதியைப் பில்லியே புனைந்துகொள்கிறான் என்பதையும் விட்டுவிடாதீர்கள்: போரில் மகனை இழந்திருப்பார், அதனால்தான் இப்படி என்று அவனாகவே காரணம் கற்பித்துக்கொள்கிறான். அவர் அப்படி ஒரு மகனைப் பற்றிப் பேசவே இல்லை.