குவிஸ்ல சேத்த நாலு டாலரும், கட்டச் சொல்ற 15 டாலரும்

கேள்வி: கிரிப்டோ பத்தி சின்ன சின்ன வீடியோ பாத்துட்டு குவிஸுக்கு பதில் சொன்னா காயின் தர்றாங்கன்னு கொஞ்ச நாளா பண்ணிட்டு இருக்கேன் சார். ஒரு எக்ஸ்சேஞ்ச்ல (காயின் வாங்கி விக்கற சைட்) அஞ்சாறு காயின் சேர்ந்து மொத்தமா நாலு டாலர் காட்டுது, வித்ட்ரா பண்ண போனா மினிமம் இல்லன்னு சொல்லுது. இன்னொரு சைட்ல 180 டாலர் இருக்கு, ஆனா 15 டாலர் ஃபீஸ் கட்டினாதான் ரிலீஸ் ஆகுமாம். கட்டலாமா? இத ஒரு பார்ட் டைம் வருமானமா நம்பலாமா?

பதில்: முதல்ல அந்த 15 டாலர். கட்டாதீங்க. சந்தேகமா இருந்தா அவங்ககிட்டயே கேட்டு பாருங்க, எனக்கு வர வேண்டிய 180ல நீங்களே 15ஐ கழிச்சுக்கிட்டு மிச்சத்த அனுப்புங்கன்னு. டாக்ஸுங்கறாங்க, வெரிஃபிகேஷன்ங்கறாங்க, கேஸ் ஃபீ, அதாவது காயின் ஓடற நெட்வொர்க்குக்கு கட்டற கட்டணம்ங்கறாங்க, என்னென்னமோ சொல்வாங்களே தவிர கழிச்சுக்க மட்டும் மாட்டாங்க, ஏன்னா கழிக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல, அந்த 180 ஸ்க்ரீன்ல டைப் பண்ணின ஒரு நம்பர். 15 கட்டினா அடுத்து 40 கேப்பாங்க. நிஜமான எக்ஸ்சேஞ்ச்ல வித்ட்ராயல் ஃபீஸ் உங்க பேலன்ஸ்லயே பிடிச்சுக்குவாங்க, வெளியில இருந்து தனியா பணம் போட சொல்ல மாட்டாங்க.

இதுல ஒரு சின்ன குழப்பம் வரும். சில ஏர்டிராப்ல, அதாவது ப்ராஜெக்ட்டே இலவசமா காயின் தர்றப்ப, அத நம்ம சொந்த வாலட்டுக்கு (காயின நாமளே வச்சுக்கற ஆப்) க்ளெய்ம் பண்றதுக்கு கேஸ் ஃபீ நாமதான் கட்டணும், அது உண்மை. ஆனா அந்த ஃபீஸ் நம்ம வாலட்ல இருந்து நேரா நெட்வொர்க்குக்கு போறது. இந்த அட்ரஸுக்கு அனுப்புங்க நாங்க ரிலீஸ் பண்றோம்னு எவனாவது ஒரு அட்ரஸ் குடுத்தான்னா அது கேஸ் ஃபீ கிடையாது, அவன் பாக்கெட்.

அப்ப குவிஸுக்கு காயின் தர்றதே பொய்யான்னா, இல்ல. காயின்பேஸ்ங்கற அமெரிக்க எக்ஸ்சேஞ்ச் 2018 ஏப்ரல்ல எர்ன் டாட் காம்னு ஒரு கம்பெனிய வாங்கினாங்க, பாலாஜி ஸ்ரீனிவாசன் நடத்திட்டு இருந்தது, அந்த வருஷ கடைசியிலயே வீடியோ பாரு, பதில் சொல்லு, காயின் வாங்கிக்கோங்கற திட்டத்த ஆரம்பிச்சிட்டாங்க. ஜீரோஎக்ஸ், பேசிக் அட்டென்ஷன் டோக்கன், ஸ்டெல்லர், ஈஓஎஸ்னு ஒவ்வொரு காயினா வரிசையா வந்துச்சு. அப்புறம் காயின்மார்க்கெட்கேப், பைனான்ஸ் (Binance), ரெவல்யூட் எல்லாரும் அதே மாதிரி ஒண்ணு விட்டாங்க. காசு எங்க இருந்து வருதுன்னா, பெரும்பாலும் அந்த காயின் ப்ராஜெக்ட்டோட மார்க்கெட்டிங் பட்ஜெட். டோக்கன, அதாவது அந்த காயின, உருவாக்கறப்பவே ஒரு பங்க இந்த மாதிரி விளம்பரத்துக்குன்னு ஒதுக்கி வச்சிருப்பாங்க. டிவில விளம்பரம் குடுக்கறதுக்கு பதிலா உங்க கையில ரெண்டு டாலர் மதிப்புக்கு காயின குடுத்தா நீங்க அதோட பேர தெரிஞ்சுக்கறீங்க, எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு புது கஸ்டமர் ஐடி ப்ரூஃபோட கிடைக்கறான். ரெண்டு பேருக்கும் லாபம்தான், உங்களுக்கும் ரெண்டு டாலர்.

அதனால அந்த வீடியோவ பாடம்னு நினைச்சு பாருங்க, ஆனா விளம்பரம்ங்கறதயும் மறக்காதீங்க. மொத்த டோக்கன்ல எத்தன பங்கு ஃபவுண்டர்ஸ்கிட்ட இருக்கு, பூட்டி வச்சது எப்ப மார்க்கெட்டுக்கு வருதுங்கற கேள்விய குவிஸ்ல எதிர்பாக்காதீங்க, நிஜத்துல ஒரு காயின பத்தி கேக்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

இப்ப உங்க நாலு டாலருக்கு வருவோம், இங்கதான் நிறைய பேர் மாட்டறாங்க. குவிஸ் ஈசி, காயின் வர்றதும் ஈசி, வெளிய எடுக்கறதுதான் விஷயமே. ஒவ்வொரு காயினுக்கும் தனித்தனியா மினிமம் வித்ட்ராயல் இருக்கும், தனித்தனியா ஃபீஸ் இருக்கும், அஞ்சாறு காயினா செதறி கிடந்தா எதுவுமே அந்த மினிமத்த தொடாது. அதனால அப்படியே வெளிய எடுக்க பாக்காம எக்ஸ்சேஞ்சுக்குள்ளயே எல்லாத்தயும் ஒரே காயினா மாத்துங்க. நேரா விக்க போனா மினிமம் ஆர்டர் சைஸ் இடிக்கும், அதனால கன்வர்ட்ங்கற பட்டன் இருக்கான்னு பாருங்க, பைனான்ஸ் மாதிரி சில இடத்துல சில்லறை பேலன்ஸ எல்லாம் மொத்தமா அவங்களோட பிஎன்பி காயினா மாத்தற வசதியே தனியா இருக்கு. கமிஷன் கொஞ்சம் போகும், போகட்டும், நாலு டாலர்ல அத பாத்துட்டு இருந்தா ஒண்ணும் ஆகாது.

எந்த காயினா மாத்தறதுன்னா நெட்வொர்க் ஃபீஸ் கம்மியா இருக்கறதா பாருங்க. எத்திரியம் நெட்வொர்க்ல ஒரு டோக்கன அனுப்ப, அதோட சொந்த காயினான ஈத்தர அனுப்பறத விட கேஸ் ஜாஸ்தி ஆகும், கூட்டமான நேரத்துல உங்க மொத்த பேலன்ஸயும் அது தின்னுடும். ஸ்டெல்லர்ல ஒரு சாதா டிரான்ஸாக்‌ஷனோட அடிப்படை ஃபீஸ் 0.00001 லூமென் (ஸ்டெல்லரோட காயின்), கண்ணுக்கே தெரியாது. ஆனா அது நெட்வொர்க் ஃபீஸ், எக்ஸ்சேஞ்ச் அதுக்கு மேல தன்னோட ஃபீஸ் எவ்ளோ வைக்குதுன்னு வித்ட்ராயல் பேஜ்ல பாத்துக்கோங்க. ஸ்டெல்லர்ல புதுசா ஒரு வாலட் திறந்தா 1 லூமென் உள்ளயே கிடக்கணும், அத எடுத்து செலவு பண்ண முடியாது, அதயும் கணக்குல வச்சுக்கோங்க. இன்னொரு எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பறீங்கன்னா மெமோன்னு ஒரு நம்பர் கேக்கும், அத விட்டுட்டு அனுப்பினா காயின் போய் சேரும் ஆனா யாரோடதுன்னு அவங்களுக்கு தெரியாது, அப்புறம் சப்போர்ட் டிக்கெட் போட்டுட்டு உக்காந்திருக்கணும். அதே மாதிரி டாலர் மதிப்புக்கு கட்டி வச்ச யுஎஸ்டிசி காயின் பல நெட்வொர்க்ல ஓடுது, அனுப்பற பக்கமும் வாங்கற பக்கமும் ஒரே நெட்வொர்க்கான்னு ரெண்டு தடவ பாருங்க.

இவ்ளோ பண்ணியும் தேறலன்னா சும்மா அங்கயே விட்டு வைங்க, அடுத்த குவிஸ் வந்தா சேரட்டும். மினிமத்த தொடறதுக்காக சொந்த காச டெபாசிட் பண்றது மட்டும் வேண்டாம், எக்ஸ்சேஞ்ச் எதிர்பாக்கறதே அதத்தான்.

அடுத்த தடவ எந்த குவிஸயும் தொடறதுக்கு முன்னாடி வெளிய போற வழிய முதல்ல பாருங்க: மினிமம் வித்ட்ராயல் எவ்ளோ, ரிவார்ட் உடனே கைக்கு வருதா இல்ல சில மாசத்துக்கு லாக் பண்றாங்களா, உங்க நாட்டுக்கு இந்த ஆஃபர் உண்டா. கடைசி பாயிண்ட்ட விட்டுட்டு, வேற நாட்டுல இருக்கற மாதிரி காட்டற விபிஎன் போட்டு உள்ள போறவங்க இருக்காங்க, குவிஸ் எல்லாம் முடிச்சப்புறம் கேஒய்சில, அதாவது ஐடி வச்சு ஆள சரிபாக்கறதுல, அட்ரஸ் கேக்கறப்ப அக்கவுண்ட் ஃப்ரீஸ் ஆகி நிக்கும்.

கேஒய்சி பத்தி கொஞ்சம் கூடவே சொல்லணும். நீங்க குடுக்கற நிஜமான விலை நேரம் இல்ல, உங்க ஐடியும் செல்ஃபியும்தான். பேர் தெரிஞ்ச, லைசென்ஸோட ஓடற எக்ஸ்சேஞ்சுக்கு குடுக்கறது வேற, ரெண்டு டாலருக்காக யாருன்னே தெரியாத குவிஸ் சைட்டுக்கு ஐடி ஃபோட்டோவ அப்லோட் பண்றது வேற. வீட்ல இருக்கறவங்க ஐடிய வச்சு நாலு அக்கவுண்ட் திறக்கறதயும் கண்டுபிடிச்சா மொத்தமா பேன் பண்ணிடுவாங்க. அத விட மோசம், உன் வெரிஃபைடு அக்கவுண்ட்ட வாடகைக்கு குடு காசு தர்றோம்னு டெலிகிராம்ல கேக்கறாங்களே, அது திருட்டு பணத்த ஓட்டறதுக்கு உங்க பேர கேக்கறது, போலீஸ் வந்தா உங்க கதவத்தான் தட்டும்.

எக்ஸ்சேஞ்ச் குவிஸ்ல ரிவார்ட் நேரா உங்க அக்கவுண்ட்லயே விழும், அதனால வாலட்ட கனெக்ட் பண்ணுங்கற பேச்சே பொதுவா வராது. வாலட்டுக்கே சாவியான அந்த 12 இல்ல 24 வார்த்தை சீட் ஃப்ரேஸ எந்த குவிஸுக்கும் எந்த வெரிஃபிகேஷனுக்கும் டைப் பண்ணாதீங்க, அத வாங்கினவன்கிட்ட வாலட்டே போயிடுச்சுன்னு அர்த்தம். வாலட் கனெக்ட் பண்ணித்தான் ஆகணும்ங்கற ப்ராஜெக்ட்டா இருந்தா ஒண்ணுமே இல்லாத தனி வாலட் ஒண்ண அதுக்குன்னு வச்சுக்கோங்க, அப்ரூவ் கேட்டு ஒரு பாப்அப் வந்தா படிக்காம தட்டாதீங்க, உங்க டோக்கன நீங்க இல்லாமயே அள்ளிக்கற அனுமதிய அதுல வாங்கிடலாம்.

வருமானமான்னு கேட்டீங்க. ஆகாது. ஒரு காயினுக்கு ஒரு தடவதான் குவிஸ், பட்ஜெட் தீர்ந்தா கேம்பெயின மூடிடுவாங்க, முந்தினவனுக்குத்தான்ங்கற மாதிரி லிமிட்டும் இருக்கும். இதுக்கு எல்லாரும் சொல்ற பதில் எனக்கு தெரியும்: 2010ல பிட்காயின் டெவலப்பர் கேவின் ஆண்ட்ரீசன் ஒரு கேப்ட்சா போட்டா 5 பிட்காயின் சும்மா குடுத்தாரே, அத வச்சிருந்தவன் இன்னைக்கு எங்க இருக்கான்னு. அவர் குடுத்தது காயின் கணக்குல, அப்ப அதோட மதிப்பு சில சென்ட்தான். இன்னைக்கு குவிஸ்ல டாலர் கணக்கு பாத்து அளந்து தர்றாங்க, அதுவும் விளம்பரத்துக்குன்னே ஒதுக்கி வச்ச டோக்கன. ஈஓஎஸ் 2019ல குவிஸ் பரிசா வந்தப்ப பல டாலருக்கு வித்துச்சு, அப்புறம் ஒரு டாலருக்கும் கீழ போயி 2025ல வால்ட்டான்னு பேரையே மாத்திக்கிச்சு. என் வழி சிம்பிள், வந்த அன்னைக்கே மாத்திடுவேன், அந்த காயின சொந்த காசு போட்டு வாங்குவேனான்னு கேட்டு ஆமான்னு தோணினா மட்டும் வச்சுப்பேன்.

பல நாடுகள்ல இந்த ரிவார்ட் வந்த அன்னைக்கு இருந்த மதிப்புக்கு வருமானம்னு கணக்கு காட்டணும், அதனால தேதி, காயின், மதிப்பு மூணையும் ஒரு ஷீட்ல எழுதி வைங்க.

அந்த 180 டாலர் சைட்ல ஐடி எதுவும் குடுத்திருந்தா, உங்க பேர்ல வேற எங்கயாவது கடனோ அக்கவுண்ட்டோ திறக்கறாங்களான்னு கொஞ்ச மாசத்துக்கு கவனிங்க. வாலட்ட கனெக்ட் பண்ணி எதையாவது அப்ரூவ் பண்ணியிருந்தா அந்த அப்ரூவல ஈதர்ஸ்கேன் (எத்திரியம் கணக்குகள பாக்கற சைட்) மாதிரி எக்ஸ்ப்ளோரர்ல போய் ரிவோக், அதாவது ரத்து பண்ணுங்க. அங்க போட்ட அதே பாஸ்வேர்ட ஈமெயிலுக்கும் வச்சிருந்தீங்கன்னா இத படிச்சு முடிச்ச கையோட மாத்திடுங்க, நாலு டாலர அப்புறம் பாத்துக்கலாம்.