அலையாத்திக் காட்டுக்கு ஒரு வீடியோ கால்

கேள்வி: தர்மபுரி மாவட்டத்தில் நான்காம் வகுப்பு ஆசிரியை நான். என் பிள்ளைகளில் பலர் கடலையே பார்த்ததில்லை. கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடு பற்றி ஒரு ஆய்வாளரை வீடியோ காலில் பேச வைத்தேன். முக்கால் மணி நேரம் ஸ்லைடு காட்டினார். பத்தாவது நிமிடமே வகுப்பு கலைந்துவிட்டது. அடுத்த முறை எப்படி நடத்துவது?

பதில்: ஸ்லைடை நீங்களே காட்டிவிடலாம் டீச்சர், அதற்கு ஆய்வாளர் எதற்கு? அந்த நிமிடம் சேற்றில் என்ன நடக்கிறது என்பதை மட்டும்தான் உங்களால் காட்ட முடியாது. ஆகவே அவரைச் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காடு மாதிரி ஓர் இடத்திலிருந்தே பேசச் சொல்லுங்கள். சேற்றில் இறங்க வனத்துறை அனுமதி தேவைப்பட்டால் படகில் இருந்தே காட்டட்டும்.

நேரத்தை உங்கள் பீரியடை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் தடவை நான் அப்படித்தான் செய்தேன்: கடல் நீர் ஏறியிருந்த வேளை, பிள்ளைகள் பார்த்ததெல்லாம் தண்ணீரும் பச்சை இலையும்தான். நீர் இறங்கினால்தான் வேர் தெரியும், நண்டு வெளியே வரும். நீர் இறங்கும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அன்றைய நேரத்தை அவரிடமே கேட்டு, கணக்குப் பாடத்தை இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம் முந்தின நாள். இரண்டு காசித்தும்பைக் கிளைகளை ஒடித்து, ஒன்றை நல்ல தண்ணீரிலும் இன்னொன்றை நன்றாக உப்புக் கரைத்த தண்ணீரிலும் வையுங்கள். மறுநாள் உப்புத் தண்ணீர்க் கிளை துவண்டு கிடக்கும். "அப்போ கடலோர மரம் மட்டும் எப்படி டீச்சர் சாகாம இருக்கு?" என்று யாராவது ஒரு வாண்டு கேட்கும். அந்தக் கேள்வியோடு வீடியோ காலைத் தொடங்குங்கள். ஆய்வாளர் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் இலையைத் திருப்பி, அது வெளியே தள்ளிய உப்புத் துகளைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டினால் போதும், விளக்கமே வேண்டாம்.

அப்புறம் பென்சில் நட்டு வைத்த மாதிரி சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்கும் வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் அவை வெளியே வந்து மூச்சு விடுகின்றன. சுரபுன்னை என்ற இன்னொரு அலையாத்தி மரத்தில் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போலத் தொங்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரமும் பிச்சாவரத்தில் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் ஆய்வாளர் தொடாமல் காட்டுவார். இதில் மூன்று விஷயம் போதும், 25 நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

காற்றுச் சத்தம் பேச்சை விழுங்கிவிடும். அவர் மைக் வைத்த இயர்போன் போட்டுக்கொள்ளட்டும். வகுப்பில் தனி ஸ்பீக்கர் வையுங்கள். கேள்வி கேட்கும் பிள்ளை போன் பக்கத்தில் வந்து நின்று கேட்கட்டும். நாற்பது பேர் சேர்ந்து கத்தினால் அந்தப் பக்கம் இரைச்சல்தான் கேட்கும். கால்வாய்க்குள் சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால் ஒரு நிமிட வீடியோ இரண்டு மூன்றை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் கட்டுரை எழுதச் சொல்ல வேண்டாம். ஒற்றைக் கொடுக்கு பெருத்த ஆண் நண்டை வரையச் சொல்லுங்கள். அந்தப் பெரிய கொடுக்கு சில நண்டுக்கு இடப்பக்கம், சிலதுக்கு வலப்பக்கம் இருக்கும். பிள்ளைகளுக்குள் சண்டை வந்தால் அந்தப் படங்களை ஆய்வாளருக்கே அனுப்பி வையுங்கள்.